நிறம் மாறாத தண்ணீர்

மூத்த பேரன் சிங்கப்பூரில் எஞ்சினியர். இளையவன் சிலம்பத்தில் ஜொகூருக்கே முதல். பேத்தி யாழினி கடல் படிப்பில் எல்லாப் பாடத்திலும் ஏ. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்று காலை யாழினிக்கு வீடியோ காலில் மூத்தவன் என் வீட்டில் வைத்துவிட்டுப் போன பவளத் தொட்டியைக் காட்டினேன்.

"பாட்டி, அந்த ஊதா பவளம் எங்க?"

"அங்கதான்லா இருக்கு. கொஞ்சம் வெளுத்திருக்கு."

அவள் சிரிக்கவில்லை. தண்ணீரில் நைட்ரேட் எவ்வளவு என்று சோதிக்கச் சொன்னாள். சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினேன். நிறமே மாறவில்லை.

"பார்த்தியா, அவ்வளவு சுத்தம்! உங்க அண்ணன் சொன்ன மாதிரியே பில்டர தினம் கழுவுறேன். மீனுக்குத் தீனியும் குறைச்சிட்டேன்."

"அலமாக், ஐயோ! நைட்ரேட்தான் பவளத்துக்குச் சத்து, தண்ணியில அது துளியும் இல்ல பாட்டி. பவளம் பட்டினி கெடக்கு."

என் வீட்டில் பட்டினியா! தீனி டப்பாவைத் திறந்தேன்.

"ஒரேடியா கொட்டிடாதீங்க! மிச்சமும் செத்துடும்."

மூடி வைத்துவிட்டேன். காலையில் நுனியில் இருந்த வெள்ளை, இப்போது பாதிவரை இறங்கிவிட்டது. மீன்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

மூத்தவனிடம் இதே பவளத்தில் துண்டு வாங்கி, அவன் சொன்னபடியே வளர்ப்பவர்களே, இன்றே புதுப் படம் எடுத்து இந்தக் குழுவில் போடுங்கள். போன மாதப் படம் வேண்டாம். போன மாதம் என்னுடையதும் அழகாகத்தான் இருந்தது.