புள்ளி அக்காவின் விரல்

பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் அச்சிடும் அந்தக் கூடத்தில் அவளை எல்லோரும் புள்ளி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பிறவியிலேயே பார்வை இல்லை. பத்தொன்பது வருடமாகப் பிழை திருத்துகிறாள். எதிரே ஒருவர் மூலப்பிரதியை உரக்க வாசிக்க, தாளில் மேடிட்ட பிரெய்ல் புள்ளிகளை வலது ஆள்காட்டி விரலால் தடவிக்கொண்டே போவாள். தப்பு வந்தால் விரல் தானாக நின்றுவிடும். திருத்தங்களை ஆறு விசை இயந்திரத்தில் ஓங்கி ஓங்கி அடிப்பாள். "அக்கா விரல் தாள்ல பட்டாலே என் மிஷினுக்குக் காய்ச்சல் வந்துடுது" என்பார் அச்சு இயந்திரம் ஓட்டுபவர்.

ஒருநாள் காலையில் கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்தது. பிறகு கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் அடிக்கடி மரத்துப்போயின. கையை உதறிவிட்டுத் தொடர்ந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. விரல் போனால் நாற்காலியும் போய்விடும் என்ற பயம்.

ஒரு மத்தியானம் தாள் வழவழவென்று இருந்தது.

"அழுத்தம் பத்தலங்க. புள்ளியே எழும்பல" என்றாள் இயந்திரக்காரரிடம்.

அவர் தடவிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்குக்கா?"

"என் விரல் பொய் சொல்லுமா?"

அதற்கு மேல் யார் பேசுவது? மேலாளர் அவருக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். மூன்று வாரம் அவர் உருளைகளைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

பிறகு ஒரு பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தது. கணக்குப் புத்தகத்தில் ஒரு பாடம் முழுக்க, பல இடங்களில் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. பிள்ளைகள் போட்ட விடையெல்லாம் தப்பாகிவிட்டதாம். காதில் விழுந்த 'இரண்டு' விரலிலும் பட்டதாக நினைத்து அந்தத் தாள்களைக் கடந்திருந்தாள்.

மேலாளர் இயந்திரக்காரர் மேல் பாய்ந்தார். புள்ளி அக்கா எழுந்து நின்றாள்.

"அவர் மேல தப்பில்ல சார். அச்சுத் தகட்டுல இருந்த பிழையைப் பிடிக்க வேண்டியது நான். என் விரல்ல உணர்ச்சி இல்ல. ஒரு மாசமாத் தெரியும். மறைச்சுட்டேன்."



மறுநாள் தங்கை அவளை மருத்துவரிடம் கூட்டிப்போனாள். மணிக்கட்டில் அவர் லேசாகத் தட்டியதும் விரல் நுனிவரை மின்சாரம் பாய்ந்தது. ஊசியால் குத்திப் பார்த்தார். சுண்டுவிரலில்தான் சுரீர் என்றது.

"மணிக்கட்டுக்குள்ள நரம்பு போற பாதை குறுகிடுச்சும்மா. இத்தனை வருஷமா ஒரே வேலை. முன்னாடியே வந்திருக்கலாம். ஆபரேஷன் பண்ணலாம், ஆனா உணர்ச்சி முழுசா திரும்பும்னு சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்ததும் தங்கை அழுதாள். "எங்கிட்டக்கூட ஏன்க்கா சொல்லல?"

"உனக்குக் கண்ணு மங்கினா அன்னைக்கே சொல்லிடுவியா?"



அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வலி போயிற்று. உணர்ச்சி பாதிதான் வந்தது. நாற்பத்து மூன்று வயதில், இடது ஆள்காட்டி விரலை வைத்து, முதல் வகுப்புப் பிள்ளை போல எழுத்துக் கூட்டத் தொடங்கினாள். வேலைக்குத் திரும்பிய அன்று இயந்திரக்காரரிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"மூணு வாரம் மிஷினையும் என்னையும் நானே சந்தேகப்பட்டேன்க்கா. கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கு."

"இருக்கட்டும். நியாயந்தான்."

சிறிது நேரம் கழித்து ஒரு தாளைக் கொண்டுவந்து அவள் இடது கையருகே வைத்தார். "புள்ளி எழும்பியிருக்கான்னு பாருங்க."

இப்போது முன்பு பார்த்ததில் பாதிப் பக்கம்தான் பார்க்கிறாள். மணிக்கு ஒருமுறை கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். விசைகளை வேறொருவர் அடிக்கிறார். சந்தேகம் வந்தால், பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூடச் சொல்லாததைக் கூச்சமில்லாமல் சொல்கிறாள்: "எனக்குத் தெரியல. இன்னொரு தடவை வாசிங்க."