மேடம் கயிறு

அண்ணனுக்குப் பெண் பார்க்க, வைப்பாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தோம். பெரியவர்கள் உறவு முறை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். காபித் தட்டை நீட்டிய பெண், அண்ணனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஒங்க பக்கம் வைப்பாத்துல இன்னும் விலாங்கு ஏறி வருதா?" அவர் மீன்வளம் படித்தவர், அரசாங்க வேலையில் இருப்பவர் என்று தரகர் சொல்லியிருந்தார். இருந்தாலும் பெண் பார்க்கப் போன இடத்தில் மீனைப் பற்றி யார் கேட்பார்கள்? புது மனிதர்கள் முன்னால் வாய் திறக்காத என் அண்ணன், டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தான். கடலில் பிறந்து, குட்டியாக ஆற்றில் ஏறி, வருடக்கணக்காகக் கண்மாயிலும் அணையிலும் வளர்ந்து, முட்டை போடும் காலம் வந்ததும் மறுபடி கடலுக்கே போகிற மீன் அது என்றான். வருகிற வழியில் தடுப்பணைச் சுவரில் முட்டிக்கொண்டு கிடக்கிறது என்றான். ஒவ்வொரு வாக்கியமும் நான் அவனுக்குச் சொன்னது. சொல்லி முடிக்கும்வரை அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. என் காபியில் ஆடை படிந்துவிட்டது. அந்தப் பெண்தான் எனக்கு மதினி ஆனார்.

அந்த ஆறு எங்கள் இருவருக்குமானது என்று நான் நினைத்திருந்தேன். அண்ணன் திருத்தங்கலில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் பிரஸ் வைத்திருந்தான். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர், அடுத்த தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். தீபாவளி முடிந்தால் பட்டாசுக் கம்பெனிகளுக்கு விடுமுறை விடுவார்கள், லேபிள் ஆர்டரும் நின்றுபோகும். மழையும் அப்போதுதான் வலுக்கும். வெம்பக்கோட்டை அணைக்குக் கீழே ஒரு தடுப்பணை இருக்கிறது. வண்டியில் வாளிகளைக் கட்டிக்கொண்டு அங்கே போவோம். விரல் நீளத்தில், கறுப்புச் சரடு போன்ற விலாங்குக் குட்டிகள் சுவரடியில் கொத்துக் கொத்தாகச் சேர்ந்திருக்கும். ஈரம் இருக்கிற மட்டும் சுவரில் ஒட்டி ஏறும். காய்ந்த இடம் வந்ததும் பிடி விட்டு விழும். கரையில் கொக்குகள் வரிசை கட்டி நிற்கும். நாங்கள் துணியால் ஏந்திப் பிடித்து, வாளியில் சுமந்துபோய்ச் சுவருக்கு மேலே தண்ணீரில் விடுவோம். முதன்முதலில் அவற்றைக் கண்டுபிடித்தவள் நான். மீன் ஏறுவதற்குப் படி கட்டித் தரச்சொல்லி மனு எழுதியவளும் நான்தான். பதில் வராத வருடங்களில் எல்லாம் அண்ணன் வாளியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தான். அவன் சட்டையிலிருந்து வரும் அச்சு மை வாசனையும் சேற்று வாசனையும் கலந்தால் எனக்கு அது மழைக்காலம்.

கல்யாணத்துக்குப் பிறகு மதினி எங்கள் மாவட்டத்துக்கே மாற்றல் வாங்கி வந்தார். வயதில் என்னைவிடச் சின்னவர். ஆனாலும் அண்ணன் மனைவி என்பதால் நான்தான் மதினி என்று கூப்பிட வேண்டும். அவர் என்னை டீச்சர் என்பார். மரியாதைதான் அது. இருந்தும் அவர் வாயில் அந்த வார்த்தை வரும்போதெல்லாம், நீ பள்ளிக்கூடத்தோடு நின்றவள் என்று எனக்கு மட்டும் கேட்டது. அம்மாவுக்கு மருமகள் மீது தனி வாஞ்சை. மீன் குழம்பை மதினி வைத்தால் அம்மா இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்வாள். நான் வைத்த குழம்புக்கு அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

முதல் மழைக்கு மூன்று பேருமாகத் தடுப்பணைக்குப் போனோம். எப்போதும் நான் உட்காரும் கரையோரக் கல்லில் மதினி போய் உட்கார்ந்துகொண்டார். வாளியைத் தொடவில்லை. குட்டிகள் ஏறுவதையும் விழுவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அள்ளினேன், அண்ணன் சுமந்தான். திரும்பும்போது மதினி சொன்னார்: "டீச்சர், நம்ம எத்தன வருசம் அள்ளிப் போட முடியும்? அதுக்கு ஏறத் தெரியுது. பிடிக்கத்தான் ஒண்ணும் இல்ல."

அடுத்த வாரமே தடித்த தேங்காய் நார்க் கயிறுகளைப் பாய் போல நெருக்கமாகப் பின்னச் செய்து கொண்டுவந்தார். அணைப் பொறியாளரிடம் பேசி அனுமதி வாங்கியிருந்தார். என் மனுவுக்கு வாய் திறக்காத அலுவலகம், மேடம் கேட்டதும் சரி என்றுவிட்டது. சுவரின் ஒரு ஓரத்தில், மேலிருந்து தண்ணீர் மெல்லக் கசிந்து நனைக்கும்படி அதைத் தொங்கவிட்டோம். முதலில் ஒன்றும் ஏறவில்லை. எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி வந்தது. அதை இல்லை என்று சொல்லமாட்டேன். சில வாரங்களில், நார் ஊறிப் பாசி படர்ந்த பிறகு, மேகம் மூடிய ஒரு சாயங்காலம் குட்டிகள் ஏறின. நார் இடுக்கில் உடம்பை வளைத்து வளைத்து, சுவர் முழுக்க ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, மேல் தண்ணீருக்குள் வழுக்கிப் போயின. அண்ணன் என் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து மதினியையே பார்த்துக்கொண்டிருந்தான். மீனைப் பார்க்கவில்லை. தாயில்பட்டியில் இருந்து வேடிக்கை பார்க்க வந்த ஆட்கள் அதற்கு அன்றே பெயர் வைத்துவிட்டார்கள். மேடம் கயிறு. இன்றுவரை அதுதான் பெயர்.

பொறாமை என்பது வயிற்றெரிச்சல் என்று சொல்வார்கள். எனக்கு அது நாக்கில் இருந்தது. யாராவது அந்தக் கயிற்றைப் புகழும்போது, ஆமாம் என்று சொல்ல வாயெடுப்பேன், மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். மதினி கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். தேடிப் பார்த்தேன். துணியைக் கொடியில் சரியாக உதறிப் போடமாட்டார் என்பதைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

குட்டிகள் மேலே போனால் மட்டும் போதாது. வளர்ந்த விலாங்குகள் வெள்ளத்தோடு கீழே இறங்கிக் கடலுக்குப் போக வேண்டும். ஒரு வருடம் மழை கொட்டித் தீர்த்தது. மேலே இருந்த பெரிய கண்மாய் ஒன்று நிரம்பி மறுகால் பாய்ந்தது. அதை மீனுக்குக் குத்தகை எடுத்தவர், தண்ணீர் வெளியேறும் வழி முழுக்க வலை கட்டிவிட்டார். சேதி கேட்டு மதினி கிளம்பினார். அண்ணன் லோடு ஏற்றிவிட வெளியூர் போயிருந்ததால் நான் துணைக்குப் போனேன். குடையைப் பிடிக்க முடியாத காற்று. வலைக்குள் முழங்கை கனத்தில் விலாங்குகள் புரண்டுகொண்டிருந்தன. முதுகு கறுத்து, வயிறு வெள்ளி போல மின்னியது. கடலுக்குக் கிளம்பிவிட்ட நிறம் அது என்று எனக்குத் தெரியும். புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன்.

குத்தகைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். தண்ணீரோடு போகிற மீன் யாருக்கும் இல்லாமல் போகிறது, நான் பிடித்தால் என்ன என்றார். இந்த மீன் இங்கே முட்டை போடாது, கடலுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பெருகும் என்று மதினி விளக்கினார். குத்தகைக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "இதப் போகவிட்டா அடுத்த மழைக்குக் குட்டி வரும்னு கையெழுத்துப் போட்டுத் தாரீகளா மேடம்?"

"அதுக்குத் தர முடியாது. போகவிடலைன்னா வராதுங்கிறதுக்கு வேணா போட்டுத் தாரேன்."

குத்தகைக்காரர் நனைந்த துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். பிறகு ஆட்களைக் கூப்பிட்டு, ஒரு பக்கத்து வலையை அவிழ்த்துவிடச் சொன்னார். முழுவதையும் இல்லை, பாதியை. அந்தப் பாதி வழியாக விலாங்குகள் ஒவ்வொன்றாகச் சுழித்துக்கொண்டு போனதை நாங்கள் இரண்டு பேரும் நனைந்தபடி பார்த்தோம். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன பேசுவதென்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாராம். இத்தனை வருடம் அதே விஷயத்தைத்தான் நானும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு பதில் ஏன் எனக்கு வாய்க்கவில்லை என்றுதான் வீடு திரும்பும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். கையை மட்டும் விடவில்லை.

பிறகு மதினிக்குப் பதவி உயர்வு வந்தது. கூடவே ஓசூர்ப் பக்கம் மாற்றல். அவர் போய்விட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது உண்டு. போகிறவர் தனியாகப் போவார் என்று எப்படி நினைத்தேனோ தெரியவில்லை. அண்ணன் பிரஸ்ஸை என் வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு அவரோடு கிளம்பினான். பஸ் ஏறும்போது, "ஆத்தப் பாத்துக்க பாப்பா" என்றான். ஆறு எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. அண்ணன் போய்விட்டான். அங்கே அவன் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் தொழில் வைத்திருக்கிறான். அந்தச் சட்டையில் வரும் மை வாசனை இப்போது மதினிக்கு.

அந்த மழைக்கு நான் ஒரு காரியம் செய்தேன். சுவரின் மறு ஓரத்தில் என் செலவில் இன்னொரு கயிற்றுப் பாய் கட்டினேன். பின்னல் மதினியுடையதைவிட நெருக்கம், நார் இன்னும் தரமானது. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் போய்ப் பார்த்தேன். குட்டிகள் வந்தன. என் கயிற்றின் அடியில் கொஞ்சம் மோந்து பார்த்துவிட்டு, சுவரோரமாகவே நீந்திப் போய் மேடம் கயிற்றில் ஏறின. என் கயிற்றில் ஒன்றுகூட ஏறவில்லை. மழைக்காலம் முடியும்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் மதினிக்கே போன் போட்டேன். தண்ணீர் எவ்வளவு கசிகிறது, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்றெல்லாம் விசாரித்தார். ஏன் இரண்டாவது கயிறு என்று மட்டும் கேட்கவில்லை. "அங்கன வெயில் சாஸ்தி, டீச்சர். பாசி பிடிக்க நாளாகும். அவுத்துறாதீக" என்றார்.

அவிழ்க்கவில்லை. கோடையில் அது காய்ந்து முறுகித் தொங்கியது. ஆடு மேய்க்கிறவர்கள் கேலி பேசினார்கள். இந்த வருடம் தீபாவளிக்குப் பிறகு மழை பிடித்தது. போன வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை, மேகம் மூடாக்குப் போட்டிருந்த நேரத்தில் போனேன். என் கயிறு பச்சையாகியிருந்தது. அதன் பாதி உயரத்தில் கறுப்பாக ஒன்று நெளிந்தது. குனிந்து பார்த்தால் அதற்குக் கீழே இன்னும் பல. கூப்பிட்டுக் காட்ட ஒருவரும் இல்லை. முதல் குட்டி உச்சிக்குப் போய், நின்று, அந்தப் பக்கம் விழுந்தது. நான் கரைக் கல்லில் உட்கார்ந்து வெகுநேரம் தனியாகவே அதை அனுபவித்தேன்.

அப்போது அண்ணனிடமிருந்து போன் வந்தது. மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கூப்பிடுவது வழக்கம். "ஏறுதா பாப்பா?" என்றான். ஏறுகிறது என்றேன். பின்னாலிருந்து மதினியின் குரல் கேட்டது. "எந்தக் கயித்துலன்னு கேளுங்க."

அவருக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. எனக்கு முகம் சுட்டது. "என் கயித்துல" என்றேன்.

மதினி போனை வாங்கினார். அவர் இருக்கும் ஊரில் ஆறு இருக்கிறது, விலாங்கு கிடையாது. எத்தனை ஏறின, எந்த அளவில் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்குப் பொறாமையா இருக்கு, டீச்சர்" என்றார்.

தண்ணீர்ச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். சொன்னார்.