பக்கத்துக் கோட்டை

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஓடும் ஒரு தனியார் பேருந்தில் மணிமாறன் கண்டக்டர். நாள் முழுக்க ஆட்களை இடித்துக்கொண்டும் ஆட்களிடம் இடிபட்டுக்கொண்டும் நிற்கிற வேலை. விக்கிரவாண்டியில் ஏறுகிற பூக்காரம்மாவிலிருந்து கூட்டேரிப்பட்டில் இறங்குகிற காலேஜ் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் அவன் முகம் தெரியும். பெயர் யாருக்கும் தெரியாது. ‘கண்டக்டரே’ என்றால் போதும், வேலை நடந்துவிடும்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு கோட்டைச் சுவரை எழுப்ப நண்பர்கள் தேவைப்பட்டார்கள்.

பேஸ்புக்கில் வந்த விளையாட்டு அது. பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றின் புது அவதாரம். பழையதை அவனும் அவன் நண்பன் சித்தார்த்தனும் திண்டிவனத்து பிரவுசிங் சென்டர் ஒன்றில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆடியவர்கள். மரம் வெட்டி, கல் உடைத்து, படை திரட்டி, ஒருவரை ஒருவர் அழிப்பார்கள். சித்தார்த்தன் நேராக வரவே மாட்டான். மணிமாறன் முன்வாசலில் படையோடு காத்துக்கிடக்க, காட்டுக்குள் ஒளித்துவைத்த குதிரைகளோடு பின்பக்கமாக வந்து விழுவான்.

புதியதில் மூளைக்கு வேலையே இல்லை. செங்கல் வேண்டுமா, நண்பரிடம் கேள். மந்திரி வேண்டுமா, நண்பரை நியமி. நண்பர் இல்லையா, விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திரு.

“இன்னாய்யா ராஜா, கோட்ட எழும்பிச்சா?” டீக்கடையில் டிரைவர் முருகையன் கேட்டார்.

“ஆள் இல்லண்ணே. நீங்க மந்திரியா சேருங்களேன்.”

“நான் மந்திரியானா வண்டிய யாரு ஓட்றது, உன் குதிரையா?”

மணிமாறன் தெரிந்தவர்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்பினான். “பேஜாரா கீதுய்யா, நிறுத்து” என்று செக்கர் ஒருவர் எழுதினார். மற்றவர்கள் அதுவும் எழுதவில்லை. சித்தார்த்தன் மட்டும் சேர்ந்தான். மணிமாறனின் கோட்டைக்குக் கிழக்கே அவன் பெயரில் ஒரு குட்டிக் கோட்டை முளைத்தது. ஆனால் அங்கிருந்து ஒரு செங்கல்கூட வரவில்லை. மாதக்கணக்கில் அது முளைத்தபடியே நின்றது.

ஒருநாள் மதியம், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே, மணிமாறன் அந்தக் கோட்டையை அடித்தான். அடித்தால் சித்தார்த்தனுக்குத் தகவல் போகும். அதைப் பார்த்தாவது வருவான் என்ற எண்ணம்தான்.

மறுநாள் காலை பேருந்தில் விளையாட்டைத் திறந்தால் மணிமாறனின் பின்சுவர் இடிந்து கிடந்தது. காட்டு வழியாகக் குதிரைப்படை வந்திருந்தது. கூட்டத்துக்கு நடுவில் நின்று வாய்விட்டுச் சிரித்தான். திண்டிவனத்தில் இறங்கியதும் போன் போட்டான்.

“மாப்ள, மாறவே இல்லடா நீ! பின்னாடியே வந்து அடிச்சிட்டியே!”

“யாருங்க?”

“மணிடா. திண்டிவனம் மணி.”

“டேய் மணி! எப்படிடா கீற? போன் மாத்தினதுல எல்லா நம்பரும் பூடுச்சி. இன்னா அடிச்சேன் நானு?”

சொன்னான். ஓசூரிலிருந்து சித்தார்த்தன் சிரித்தான். “நான் அத தொறந்தே ரொம்ப நாளாச்சு. நீ கூப்ட்டியேன்னு ஒரு தட்டு தட்டினேன். யாராச்சும் அடிச்சா அதுவே திருப்பி அடிக்கும்டா. நீ இன்னுமா ஆடிக்கினு இருக்க?”

“சும்மா, டிரிப்புக்கு நடுவுல.”

அப்புறம் பிரவுசிங் சென்டர் ஓனர் ஃபேனை நிறுத்தி அவர்களை வெளியே துரத்தியதைப் பற்றிப் பேசினார்கள். ஷிஃப்டுக்கு நேரமாச்சு என்று சித்தார்த்தன் வைத்துவிட்டான். அன்று முழுக்க மணிமாறன் படியில் நின்றவர்களைத் திட்டவில்லை.

அடுத்த நாள் தெரிந்தேதான் அடித்தான். எதிர்பார்த்தபடி திருப்பி அடி விழுந்தது. பேச ஒரு காரணம் கிடைத்தது. விழுப்புரம் பேருந்து நிலையத்தில் இருந்து கூப்பிட்டான்.

“மாப்ள, உன் ஆளுங்க மறுபடி பூந்துட்டாங்கடா.”

“இன்னுமா தொல்ல குடுக்குது? இரு, இரு.” பின்னால் மெஷின் சத்தம். “அழிச்சிட்டேன் பாரு. கணக்கையே எடுத்துட்டேன். இனிமே எவனும் உன்ன தொட மாட்டான், நிம்மதியா ஆடு.”

“ஐயோ, அது இருந்துட்டுப் போவட்டும்டா...”

“பரவால்லடா, உனக்கு இதுகூட செய்யலன்னா எப்பிடி? ஜல்தி போணும், வெக்கிறேன்.”

விளையாட்டின் வரைபடத்தைத் திறந்தான். கிழக்கே பச்சைப் புல். அதன்மேல் ‘நண்பரை அழைக்க’ என்று ஒரு பொத்தான் மின்னிக்கொண்டிருந்தது.

முருகையன் ஹாரனை அழுத்தினார். “ராஜா, ஏறுய்யா!”

மணிமாறன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். படியில் ஏறி, பாதி காலியாக இருந்த பேருந்திலிருந்து வெளியே பார்த்துக் குரல் கொடுத்தான்: “விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, திண்டிவனம்... வாங்க, வாங்க, உக்கார எடம் இருக்குது!”