சேவலில் ஓர் எழுத்து

முதலாளி இருந்தார். கல்கத்தா ஏஜென்ட் இருந்தார். கட்டிங் மாஸ்டர் மாரப்பன் இருந்தார். பெயின்டர் ஆறுமுகம் இருந்தார். கதவோரம் நான் இருந்தேன்.

மேஜை மேல் இன்னொருவர் இருந்தார். அட்டையில், பனியன் போட்டுக்கொண்டு.

போன வியாழக்கிழமை, எங்கள் கம்பெனி ஆபீஸ் ரூம். எல்லோரும் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

படத்தின் மேலே ஒரு சேவல் நின்றது. அங்கே நிற்க வேண்டியது சேவல் இல்லை.

முதலில் இருந்து சொல்கிறேன்.

நான் டப்பா செக்‌ஷன். பனியனை மடித்து, டப்பாவில் போட்டு, லேபிள் ஒட்டி அனுப்புவது என் ஜோலி. இந்தப் பத்திரிகையில் நான் எழுதுவதைப் படிக்கிற ஒரு வாசகர் கேட்டிருந்தார் — 'ஏனுங்க, வேலைன்னு ஒரு நாளாச்சும் எழுத மாட்டீங்களா? எப்பப் பாத்தாலும் ஜோலி, ஜோலி...'

எழுத மாட்டேன். அந்தச் சொல்லின் முதல் பாதி என் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. (மேலே இருப்பது வாசகர் எழுதியது. அது என் கணக்கில் வராது.) பத்திரிகை ஆசிரியர் ஒருமுறை என் ஜோலியைத் திருத்தி அச்சடித்துவிட்டார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்பார்கள். நம்புகிறேனா? தெரியாது. ஆள் பக்கத்தில் இருந்தால் சொல்லிப் பார்க்கலாம். தூரத்தில் இருக்கும்போது... எதற்கு வம்பு?

அவர் இதே கம்பெனியில் பிட்டர். மெஷினுக்கு ஊசி மாற்றுவார். கல்கத்தாவில் பெரிய மெஷின் பழகிக்கொண்டு வருகிறேன் என்று ரயில் ஏறினார். கடிதம் வந்தது. பிறகு மணியார்டர் மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை. வேறு சேதியும் இல்லை. அதனால் பொட்டு வைத்துக்கொள்கிறேன்.

என் கல்யாணக் குடத்தில் அவர் பெயர் வெட்டியிருக்கிறது. வாயால் சொல்வதில்லை. புளி போட்டு விளக்கும்போது விரலில் படும். அவ்வளவுதான்.

சரி. படத்துக்கு வருகிறேன்.

எங்கள் பனியனுக்கு இதுவரை தூக்கணாங்குருவி மார்க். டப்பாவில் ஒரு குருவி, ஒரு கூடு. கல்கத்தாக் கடைக்காரர்கள் வாயில் இந்தப் பெயர் நுழையவில்லையாம். இந்தத் தீபாவளிச் சரக்கில் இருந்து மாற்றியே ஆக வேண்டும் என்று ஏஜென்ட் எழுதிவிட்டார்.

முதலாளி என் செக்‌ஷனுக்கு வந்தார்.

"அம்மணி, மார்க்கை மாத்தறோம். வேல் மார்க். முருகனைப் படமாப் போட வேண்டாம் — டப்பாவைக் கீழ போட்டு மிதிப்பாங்க, பாவம். வேல் மட்டும் போதும். அதுக்குக் கீழ ஒரு ஆளு பனியன் போட்டு நிக்கோணும். பெயின்டர் ஆறுமுகத்தை வரச் சொல்லியிருக்கறன். நீதான் பக்கத்துல இருந்து சொல்லிக் குடுத்து வாங்கோணும். நான் நூல் விசயமாக் கோயமுத்தூர் போறன்."

"நானுங்களா?"

"பின்ன? பனியன் ஒடம்புல எப்படி நிக்கும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். ஆனால் ஒரு பொம்பளை, ஒரு ஆண்பிள்ளையிடம், இன்னொரு ஆண்பிள்ளை பனியனோடு எப்படி நிற்பார் என்று சொல்லிக்கொடுப்பது... டப்பா செக்‌ஷன் பெண்கள் சேலை முனையைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஆறுமுகம் அனுப்பர்பாளையத்துக்காரர். பாத்திரத்தில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார். பிறகு கடை போர்டுக்கு மாறினார். நல்ல கை.

முதல் படத்தைப் போட்டுக் காட்டினார். கன்னத்தில் ரோஸ். சுருட்டை முடி. நெஞ்சு கதவு அகலம்.

"இவரு பனியன் போட்டவராட்டம் இல்லீங்க" என்றேன். "பனியனைக் கழட்டிப் போட்டுச் சண்டைக்குப் போறவராட்டம் இருக்காரு."

"கடையில வாங்கறவங்களுக்கு இப்படித்தானுங்க புடிக்கும்."

"சரி... இதென்னுங்க, பக்கத்துல ஒரு கோடு?"

"தையலுங்க."

"பனியனுக்குப் பக்கத்துல தையலே கிடையாதுங்க. மெஷின்ல இருந்து குழாயாட்டத்தான் துணி வருது."

அழித்தார். வெள்ளை அட்டையில் வெள்ளைப் பனியன் தெரியவில்லை. பின்னால் பச்சை அடிக்கச் சொன்னேன். வெள்ளையில் ஒரு துளி நீலம் விடச் சொன்னேன். துணிக்கு நாங்கள் அப்படித்தானே விடுகிறோம்? பனியன் எழுந்து நின்றது.

அடுத்தது முகம்.

"யாராட்டம் வேணுமுங்க?" என்று கேட்டார்.

"சும்மா... ஒரு ஆளாட்டம்."

"ஒரு ஆளாட்டம்னா? தெருவுல போற எல்லாருமே ஒரு ஆளாட்டம்தானுங்க இருக்கறாங்க."

அவர் கேட்டது நியாயம். முடி சுருட்டை வேண்டாம் என்றேன். படிய வாரி, உச்சியில் மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு. மீசை வேண்டாம். காது சற்று வெளியே. பெயின்டர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்.

"காது வெளிய நின்னா அழகா இருக்காதுங்க."

"நிக்கட்டுமுங்க."

"சிரிக்கோணுமா, வேண்டாமா?"

"சிரிக்கப் போறவராட்டம்."

"அதெப்படிங்க எழுதறது?"

"பல்லு தெரியக்கூடாது. கண்ணுல மட்டும்."

"எடது தோளு?"

"கொஞ்சம் எறங்கியிருக்கோணும்."

"பனியன் கோணலா நிக்குமுங்களே!"

"அப்படித்தான் நிக்கும்."

பெயின்டருக்குப் படம் சொல்லிக்கொடுப்பது என்றால் என்ன? இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பது. என்றைக்கோ ஒருமுறை 'ஆமாம்' சொல்வதற்காக.

ஒரு சாயங்காலம் அந்த ஆமாம் வந்தது. நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

"என்னம்மணி, புடிக்கலீங்களா?"

"இருக்கட்டுமுங்க. இதே இருக்கட்டும்."

யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஒரு நினைப்பு. டப்பா கல்கத்தாவுக்குப் போகும். கடைவாசலில் படம் தெரிகிற மாதிரி அடுக்குவார்கள். ஏதோ ஒரு தெருவில் அவர் ஒரு பீடி வாங்க நிற்க மாட்டாரா? இப்படித் திரும்பிப் பார்க்க மாட்டாரா? தன் முகமே எதிரே நின்றால் ஒரு நிமிஷமாவது யோசிக்க மாட்டாரா — திருப்பூரில் யார் இதைச் சொல்லி எழுத வைத்தது என்று?

இந்தப் பத்திரிகை கல்கத்தாவுக்குப் போவதில்லை. டப்பா போகும்.

ஆறுமுகம் அட்டையைக் கட்டினார். "மேல என்ன மார்க்குங்க? ஊட்டுல வெச்சு எழுதி, வியாழக்கிழமை மொதலாளிகிட்டயே குடுத்தர்றன்."

வாய் வரைக்கும் வந்தது. நின்றுவிட்டது.

"முருகனோடதுங்க" என்றேன்.

"முருகனோடதா?"

"கையில இருக்குமில்லீங்க..."

"தெரியும், தெரியும்." சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

எழுதிக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். சொல்லக்கூடாது என்றால் எழுதலாமா? அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அப்படித்தான் வியாழக்கிழமை அந்தச் சேவல் வந்தது. சிவந்த கொண்டை, நிமிர்ந்த வால். குறை சொல்ல முடியாத சேவல். அதன் கீழே கொட்டை எழுத்தில் — சேவல் மார்க் பனியன்.

"என்னய்யா இது?" என்றார் முதலாளி.

"சேவலுங்க."

"அது தெரியுது. எதுக்குச் சேவல்?"

"அம்மணிதானுங்க முருகனோடது, கையில இருக்கும்னு சொல்லுச்சு. பழைய மார்க்கு குருவி. இதுவும் பறவையாத்தான் இருக்கும்னு நெனச்சனுங்க. மயிலு கையில நிக்காது. சேவல்தான் கொடியோட கையில நிக்கும்..."

"விடுங்க மொதலாளி" என்றார் மாரப்பன். "தீவாளிக்குக் கொழம்புக்காச்சும் ஆச்சு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

ஏஜென்ட் சிரிக்கவில்லை. அவர் திருநெல்வேலிப் பக்கம். (ஊர்ப் பெயரில் இருப்பதை என்ன செய்வது? கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன்.) பையில் இருந்து ஒரு படத்தை எடுத்து விரித்தார். சிவகாசி அச்சாபீஸில் தயாராக விற்கும் படம். பவுடர் பூசிய ஆள். மீசை, கைக்கடிகாரம்.

"இதுல பேரை மட்டும் போட்டா சோலி முடிஞ்சுது. ரெண்டு மணி பஸ்ஸுல நான் சிவகாசிக்குப் போணும்லா? திரும்ப எழுதிக்கிட்டு இருந்தா தீவாளி முடிஞ்சு பொங்கல் வந்துரும், பாத்துக்கிடுங்க."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "அம்மணி, நாஞ் சொன்ன பேரைச் சொன்னியா, இல்லியா?"

நான் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்பவாச்சும் அவருகிட்டச் சொல்லு. என்ன மார்க்கு?"

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. சொன்னால் ஆயுள். சொல்லாவிட்டால் முகம். எதை விடுவது?

முதலாளி எங்கள் அட்டையை மேஜை ஓரத்துக்குத் தள்ளினார். "சரி, ஏஜென்ட் படத்தையே வெச்சுக்கலாம்."

ஓரத்துக்குப் போன பிறகுதான் அது எனக்குப் பக்கத்தில் வந்தது. எழுத்தைப் பார்த்தேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் என் விரலுக்கு இந்த எழுத்துகள் தெரியும். குடத்தில் தினமும் தொடுகிற எழுத்துகள். நடுவில் ஒன்று மட்டும் அதிகம்.

போய், சானா மேல் கட்டைவிரலை வைத்தேன்.

நீங்களும் எழுதிப் பாருங்கள். 'சே'வில் கொம்பு முன்னால் நிற்கும். சானாவை மறைத்தால் கொம்பு அடுத்த எழுத்தோடு போய்ச் சேர்ந்துகொள்ளும்.

முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "வே...ல். வேல் மார்க் பனியன்." மறுபடியும் படித்தார். "அட!"

"வேல் மார்க்" என்றார் ஏஜென்ட்.

"அட சாமி, இதுக்கா இத்தனை கூத்து!" ஆறுமுகம் துள்ளிவிட்டார். "சானாவை அழிச்சுட்டுக் கொம்பை நகத்திப் போட்டர்றன். சேவல் மேல பச்சையடிச்சு, அந்த எடத்துல வேலை நிறுத்தீறலாமுங்க."

"யோவ், கம்பெனிக்குள்ள அந்த வார்த்தையைப் பேசாதே" என்றார் முதலாளி.

சிரித்தார்கள். மார்க் பெயரை மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அவர் போன பிறகு இந்த ரூமில் அது காதில் விழுந்ததில்லை. நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மாரப்பன்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினார். எழுத்தைப் பார்த்தார். கீழே முகத்தைப் பார்த்தார். குனிந்து மறுபடி பார்த்தார். அதுவரை சேவல் யாரையும் முகத்தைப் பார்க்க விடவில்லை.

"ஏனுங்க மொதலாளி..." குரல் இறங்கிவிட்டது. "இது நம்ம வேலுச்சாமியல்லங்க?"

நான் இன்னும் விரலை எடுக்கவில்லை.

"யாரு அது?" என்றார் ஏஜென்ட்.

"எங்க பிட்டருங்க. இந்த அம்மணியோட ஊட்டுக்காரன். கல்கத்தா போனவன்."

"கல்கத்தால எங்கன?"

மாரப்பன் உதட்டைப் பிதுக்கினார். ஏஜென்ட் ஒரு முறை என்னைப் பார்த்தார். தன் படத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

"நாலு மணிக்கும் ஒரு பஸ் இருக்கு" என்றார்.

ஆறுமுகம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சேவல் பச்சைக்குள் போனது. அந்த இடத்தில் இலை மாதிரி அகன்ற முனையோடு ஒன்று எழுந்தது. கீழே நிற்பவர் சிரிக்கப் போகிறவர் மாதிரியே நின்றார்.

டப்பாவின் மூலையில் பனியன் அளவு போட ஒரு வட்டம் உண்டு. அது காலியாக இருந்தது.

"அச்சுக்கு மாதிரி ஒரு நம்பர் போடோணுமுங்க" என்றார் ஆறுமுகம். "என்ன அளவு?"

"முப்பத்தாறு போடுங்க" என்றார் மாரப்பன். "அதுதான் நெம்பப் போகும்."

முதலாளி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மணியைக் கேளு" என்றார்.

பெயின்டர் பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

அவருடைய பனியன் ஒன்று என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. நம்பர் பார்க்க அதைத் திறக்க வேண்டியதில்லை. பெயரைச் சொல்லத்தான் தடை. அளவைச் சொல்ல யாரும் தடை போடவில்லை.

சொன்னேன்.

முப்பத்திநாலு.