பொலிகாளை வைத்திருப்பவள்

பால் மாடு வைத்திருப்பவளை ஊர் மதிக்கும், உழவு மாடு வைத்திருப்பவனையும் மதிக்கும். பசுக்களைச் சினைப்படுத்தப் பொலிகாளை வைத்திருப்பவளைக் கண்டால் மட்டும் எல்லோருக்கும் வேறு பக்கம் பார்க்கத் தோன்றும். குட்டை மாடு வளர்த்து அவதிப்படும் என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் வழக்கம்

கொல்லிமலையில் எங்கள் மாடு இடுப்பு உயரம்தான். வீட்டுக்குப் பாலும் தரும், மலைச்சரிவில் படிப்படியாக இருக்கும் சின்ன வயல்களில் ஏரும் இழுக்கும். பெரிய மாடு அங்கே திரும்பினால் கீழ் வயலில்தான் கிடக்கும்.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு; வாழவந்தி நாட்டில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் ஒரு வழக்கம். காளைக்கன்றுகளில் வாட்டசாட்டமானதை ஏருக்கென்று காயடித்துவிடுவார்கள். நோஞ்சானை அப்படியே விட்டுவிடுவார்கள். பசுக்களைச் சினையாக்குவது அந்த நோஞ்சான்தான். பிறகு, கன்றுகள் ஏன் வருஷா வருஷம் தேய்ந்துகொண்டே போகின்றன என்று உட்கார்ந்து கவலைப்படுவார்கள். இந்த முறை கறுப்பன் என்கிற நல்ல கன்றைக் காயடிக்காமல் முழுசாக விடாவிட்டால் நம் தொழுவமே உருப்படாது என்று வீட்டுக்காரரிடம் மல்லுக்கு நின்றேன். அவர் சொன்னார்: "நல்லத உட்டுட்டு நோஞ்சான ஏர்ல கட்டுனா, கலப்பைய நான் தோள்ல தூக்கிக்கிட்டுப் போறதா?"

இடுக்கியோடு வந்தவர்

காயடிக்கிறவர் வந்த அன்று வீட்டுக்காரர் மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றப் போயிருந்தார். நான் கறுப்பனை மிளகுக்கொடிகளுக்கு நடுவே கட்டிவிட்டு, நோஞ்சானைக் கொண்டுவந்து நிறுத்தினேன். வேலையை முடித்துவிட்டுக் காயடிக்கிறவர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் திரும்பிவிட்டார். அவர் போட்ட சத்தத்தில் கோழிகள் கூரையேறின. காயடிக்கும் இடுக்கியைத் துடைத்துப் பைக்குள் போட்டபடி அந்த ஆள் சொன்னார்: "நான் மாட்டுக்கு மட்டுந்தானுங்க வைத்தியம் பண்றது. புருசன் பொண்டாட்டி சண்டைக்கு எங்கிட்ட இடுக்கி இல்லீங்க."

அண்ணன் இல்லாத நேரம்

கறுப்பனையும் காயடித்தால் தொழுவத்தில் காளையே மிஞ்சாது என்பதால் அவன் தப்பினான். அவன் வளர்ந்து காளையானதும் விஷயம் வெளியே பரவியது. தேவனூர் நாட்டிலிருந்து ஒருவர் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தார். பசு அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. அவரோ "அண்ணன் இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு, மழையைப் பற்றிப் பேசினார். மிளகு விலையைப் பற்றிப் பேசினார். ரோடு மோசம் என்றார். "மாட்டை அந்தப் பலாமரத்துல கட்டுங்க" என்று நானே சொன்ன பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. கறுப்பன் தன் கடமையைச் செய்து முடிக்கும்வரை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வானத்தையே பார்த்தார். போகும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அண்ணன் வந்தா, நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லிருங்க. எதுக்குன்னு சொல்ல வேண்டாமுங்க."

ஏரில் கட்டிய நாள்

நோஞ்சானால் ஏர் இழுக்க முடியவில்லை. வீம்புக்கு வீட்டுக்காரர் கறுப்பனையே கிழட்டு எருதோடு சேர்த்துப் பூட்டினார். பக்கத்து மரவள்ளிக் காட்டு வரப்பில் ஒரு பசு மேய்ந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான். கறுப்பன் கிளம்பினான். எதிலும் ஆசையற்ற அந்த எருதும், கலப்பையும், கலப்பையை விடாத என் வீட்டுக்காரரும் பின்னாலேயே போனார்கள். முழங்கால் சிராய்த்து எழுந்தவர், கறுப்பனை அடிவாரத்து வியாபாரிக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொல்லி அங்கேயே போன் போட்டார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்துக் காட்டுப் பெரியவர் நாசமான தன் மரவள்ளியைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "உம்புருசன் கெட்டிக்காரன் கண்ணு. ஒரே ஏர்ல ரெண்டு பேரு காட்டையும் உழுதுட்டான்."

வியாபாரி வந்தார்

சொன்னபடி வியாபாரி லாரியோடு வந்துவிட்டார். நான் கறுப்பனின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொடுக்க மாட்டேன் என்று சொல்லியும் பார்த்தேன், யாரும் காதில் வாங்கவில்லை. வியாபாரி கறுப்பனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, திமிலைத் தட்டிவிட்டு, "காளைன்னு சொல்லிட்டு ஆட்டுக்கடாவக் காட்டறீங்களே" என்றார். வீட்டுக்காரர் முகம் மாறியது. கறுப்பனை அவர் திட்டாத வார்த்தை இல்லை. ஆனால் அடிவாரத்து ஆள் ஒருவர் திட்டுவது வேறு. என் கையிலிருந்த கயிற்றை வாங்கி மறுபடி கட்டுத்தறியில் கட்டிவிட்டு அவர் சொன்னார்: "உங்க லாரி மேல வர்றதுக்குள்ள எத்தன வளைவுல மூச்சு வாங்கிச்சுன்னு எனக்குத் தெரியுமுங்க. எங்காளை ஒரு எடத்துலயும் நிக்காது. வண்டியத் திருப்புங்க."

இப்போது வருகிறவர்களிடமெல்லாம் கறுப்பனின் பெருமையைப் பேசுவது அவர் பங்கு, சாணி அள்ளுவது என் பங்கு என்று தொழில் சுமுகமாகவே நடக்கிறது.