ஈசானிய மூலையில் ஒரு கடல்

இராஜமாணிக்கம் முப்பது வருஷம் கால்வாய் வெட்டியவர். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும் என்பதைத் தெரிந்து வைத்திருந்ததற்காக அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து அவர் வீட்டில் தண்ணீர் வாஸ்துப்படி ஓடத் தொடங்கியது.

மல்லேஸ்வரத்தில் அது தாத்தா கட்டிய வீடு. தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் அமுல்தார், அப்பா வருவாய்த் துறை, இவர் பொறியாளர். மூன்று தலைமுறைப் படிப்பு கடைசியாக வந்து நின்ற இடம் ஹாலின் ஈசானிய மூலை. அங்கேதான் கடல்நீர்த் தொட்டி இருந்தது. தொண்ணூற்றெட்டில் பெங்களூரில் அப்படித் தொட்டி வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர் வைத்ததற்கும் அதைத் தவிர வேறு காரணம் கிடையாது. வந்தவர்களிடம் மீன் பெயரைச் சொல்லுவார். அவர்கள் திரும்பக் கேட்டால் வேறு பெயரைச் சொல்லுவார்.

உள்ளே கடல் பாறைகள், இரண்டு ஆரஞ்சு மீன்கள், ஒரு இறால், ஒரு பவளம். காளான் போன்ற பவளம் அது. உடம்பு நன்றாக இருந்தால் தலை முழுக்கக் குட்டி விரல்களை நீட்டி நீரோட்டத்தில் ஆடும். ஆனால் வாஸ்து ஆலோசகர், கனமானது தென்மேற்கில் இருக்க வேண்டும், ஓட்டம் வடகிழக்கு பார்த்துப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆகவே பாறையும் பவளமும் தொட்டியின் தென்மேற்கு மூலையில் குவிந்தன. அந்தக் குவியலுக்கு மேலே பம்பு, வடகிழக்கைப் பார்த்து. வெறும் கண்ணாடி மூலைக்கு அருமையான நீரோட்டம். உயிர் உள்ளதற்குக் குட்டைத் தண்ணீர்.

மாடி அறையில் வாடகைக்கு இருந்தவன் சிவசங்கரன். அரூர் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் அவனுக்கு முன்னால் பத்தாவது தாண்டியவர் கிடையாது, அவன் எம்.எஸ்ஸி. வேதியியல். பீன்யாவில் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அந்தப் பட்டத்துக்கு அவன் பட்ட பாட்டை வைத்துப் பார்த்தால், பட்டம் வாங்கிய பிறகும் மூளையைக் கழற்றி வைத்திருப்பவர்களை மன்னிக்க அவனிடம் மனசு மிச்சம் இல்லை.

தினமும் வேலை விட்டு வந்ததும் தொட்டி முன்னால் நிற்பான். பவளம் முஷ்டி மாதிரிச் சுருங்கி, மேலே மெழுகுப் படலம் பிடித்து, அதில் பாசியும் ஏறியிருந்தது. அந்த வீட்டில் அவன் மதித்த ஜீவன் அது ஒன்றுதான். அது சாகக் கூடாது என்று பிடிவாதமாக நினைத்தான்.

"சார், பம்பைத் திருப்பணும். தண்ணி முன் கண்ணாடியில அடிச்சுத் திரும்பி எல்லாப் பக்கமும் சுத்தணும். பாறைக்குப் பின்னாடி அழுக்கு தேங்கி நிக்குது."

"ஏனப்பா, நான் எத்தனை அணைக்கட்டு பாத்தவன் தெரியுமா?"

"அதுக்குள்ள நீங்க யாரையும் குடி வச்சதில்லையே சார். அப்புறம், தண்ணி வத்தினா உப்புத் தண்ணி ஊத்தறீங்க. வத்தறது வெறும் தண்ணிதான், உப்பு உள்ளயே நின்னுடுது. ஊத்த ஊத்த ஊறுகா ஆயிடும்."

"கடல் கொறஞ்சா கடலைத்தான்யா ஊத்தணும்!"

சிவசங்கரன் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப்போய்ப் பார்த்தான். உப்பு ஏகத்துக்கு ஏறியிருந்தது. காரத்தன்மை பாதாளத்தில் கிடந்தது. கொஞ்சம் ஆப்ப சோடா போட்டால் அதைச் சரிக்கட்டலாம் என்று வந்து சொன்னான்.

"ஜகதா, கேட்டியா? எம்.எஸ்ஸி. படிச்சவரு மீனுக்கு ஆப்பம் சுடப் போறாராம்!"

"சுடட்டும். உங்களுக்கு அதுவாவது தெரியுமா?" என்றாள் அவர் மனைவி ஜகதாம்பாள், அடுப்படியிலிருந்து.

அடுத்த வாரம் இராஜமாணிக்கம் ஒரு கல்யாணத்துக்காகப் பத்து நாள் மைசூர் போனார். கார் தெருமுனை திரும்பியதும் ஜகதாம்பாள் மாடிப்படிக்குக் கீழே நின்று கூப்பிட்டாள். "தம்பி, அவர் வர்றதுக்குள்ள என்னமோ பண்ணு. செத்து நாறினா கழுவறது நான்தான்."

சிவசங்கரன் பாறைகளைப் பிரித்து இடைவெளி விட்டு அடுக்கினான். தேங்கியிருந்த சேற்றைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தான். பம்பைத் திருப்பினான். தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவிட்டு, பரிசோதனைக் கூடத்திலிருந்து கொண்டுவந்த, உப்பே இல்லாத வாலைநீரை அந்த அளவுக்கு ஊற்றினான். ஜகதாம்பாள் கொடுத்த சோடாவை அதிலேயே சிட்டிகை சிட்டிகையாகக் கரைத்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யாமல் நாளுக்குக் கொஞ்சமாகச் செய்தான். படலம் பாம்புச் சட்டை போலக் கழன்று மிதந்தது. பிறகு ஒரு காலையில் பவளம் எல்லா விரல்களையும் நீட்டியிருந்தது.

திரும்பி வந்த இராஜமாணிக்கம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பாத்தியா, வாஸ்து வேலை செய்யுது!" என்றார். அப்புறம்தான் பம்பு கண்ணில் பட்டது.

மைசூரில் அவர் கார் ஒரு மாட்டுவண்டியில் உரசியிருந்தது. அதற்குக் காரணம் இப்போது கிடைத்துவிட்டது. ஆலோசகர் வந்தார். பம்பு மறுபடி வடகிழக்கு பார்த்தது. பாறைகள் மறுபடி தென்மேற்கில் குவிந்தன. தோஷம் போக, தகடு ஒன்றைத் தண்ணீருக்குள் வைக்கச் சொல்லிக் கொடுத்தார். செம்புத் தகடு.

"சார், செம்பு மட்டும் வேணாம். உப்புத் தண்ணியில கரையும். இறாலுக்கும் பவளத்துக்கும் விஷம்."

"செம்புல தண்ணி குடிச்சுதான்யா எங்க தாத்தா தொண்ணூறு வயசு இருந்தார்."

"உங்க தாத்தாவுக்கு முதுகெலும்பு இருந்துச்சு சார். இதுங்களுக்கு இல்ல."

இராஜமாணிக்கம் முகம் கறுத்தது. "நீ கை வச்சதுதான் தோஷமே! வேணும்னா அந்தச் சனியனைத் தூக்கிட்டுப் போ."

கோபத்தில் சொன்னதுதான். சிவசங்கரன் நிஜமாகவே வாளியை எடுத்து வந்து, தொட்டித் தண்ணீரை மொண்டு, பவளத்தை அதன் கல்லோடு தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். இறால் பாறைக்குள் ஒளிந்துகொண்டு கையில் சிக்கவில்லை. அந்த வாரமே அது கால்களைப் பரப்பி மல்லாந்து கிடந்தது. "அதுக்கு வயசாயிடுச்சு" என்றார் இராஜமாணிக்கம்.

வாளியில் ஒரு குட்டிப் பம்பு, மேலே ஒரு டியூப்லைட், ஜன்னல் வெளிச்சம். கடையில் உப்பு வாங்கி அவனே அளந்து கலக்கினான். முதலில் சுருண்டு கிடந்த பவளம், மாதம் திரும்புவதற்குள் வாளி வாய் அளவுக்கு விரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இராஜமாணிக்கம் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். வாளிக்குள் வெகுநேரம் பார்த்தார். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்துவிடுமோ என்று சிவசங்கரன் ஒரு கணம் நினைத்துவிட்டான்.

"இந்த ரூம் எந்த மூலை தெரியுமா?" என்றார் அவர். "வீட்டுக்கே ஈசானியம்! அதான் பிழைச்சுது. தோஷம் போயிடுச்சு. கீழ கொண்டா."

"தகட்டை எடுத்துட்டீங்களா?"

"அதை எதுக்குய்யா எடுக்கணும்?"

"அப்ப குடுக்க மாட்டேன் சார்."

"என் வீட்டுல இருந்துட்டு எனக்கே இல்லைங்கறியா? அப்ப ரூமைக் காலி பண்ணு!"

"சரிங்க சார்."

அந்தச் 'சரி' இவ்வளவு சீக்கிரம் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

யஷ்வந்த்பூரில் அறை கிடைத்தது. எந்தத் திசை பார்த்தது என்று அவன் கேட்கவில்லை. பிளக் பாயின்ட் இருக்கிறதா என்றுதான் கேட்டான். ஆட்டோ வந்து நின்றபோது இராஜமாணிக்கம் ஹாலில் போனில் இருந்தார். மாடி அறை காலியாகிறது, அங்கே தொட்டியை ஏற்றலாமா என்று ஆலோசகரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜகதாம்பாள்தான் வாசல்வரை வந்தாள். சிவசங்கரன் மடியில் வாளியை வைத்துக்கொண்டதும், மூடியை இரண்டு கையாலும் அழுத்திவிட்டாள்.

"கெட்டியாப் பிடிச்சுக்கோ தம்பி. ஆட்டோக்காரனைக் குழி பாத்து ஓட்டச் சொல்லு. வடக்கோ தெற்கோ, அவன் எப்படி வேணா போகட்டும்."