மரியநாயகி ரீச்சர் ஏற்றது என்று எழுதிய புத்தகம்

குருநகர்க் கத்தோலிக்கப் பங்குக்கு இறையியல், மேய்ப்புப்பணி பற்றிய புத்தகங்கள் வந்தால் முதலில் மரியநாயகி ரீச்சர்தான் வாசிப்பார். மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஏற்றதா இல்லையா என்று அரைப் பக்கம் எழுதிப் பங்குச் சுவாமி அருட்பிரகாசத்திடம் கொடுப்பார். தமிழும் சமயமும் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எழுதியதை மாற்றும் பழக்கம் அவருக்கு இல்லை.

1989இல் துன்பத்தைப் பற்றிய புத்தகம் ஒன்றின் நாலு பிரதிகள் வந்தன. துன்பம் கடவுள் நடத்தும் பாடம் என்றது அது. நடை தெளிவு, வேத வசனங்கள் சரி. 'மிக ஏற்றது' என்று ரீச்சர் எழுதினார்.

நான்கு வருடம் கழித்து ஒரு பின்னேரம், அதில் ஒரு பிரதியோடு லூர்த்தம்மா வந்தாள். கடலுக்குப் போன அவளுடைய புருசன் கனிசியஸ் திரும்பாமல் மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆறுதல் சொல்லப் போன மறைக்கல்வி ஆசிரியை, புத்தகத்தை வாசித்துக் காட்டிவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"ரீச்சர், இது கடவுள் தாற பாடமாம். நல்ல புத்தகம் எண்டு நீங்கள்தான் எழுதிக் குடுத்தனீங்களாம். என்ன பாடம் எண்டு சொல்லுங்கோ. நான் படிக்கிறன்."

அவள் சண்டைக்கு வரவில்லை. உண்மையாகவே கேட்டாள். ரீச்சர் பக்கங்களைப் புரட்டினார். பதில் இருக்கும் என்று நினைத்த இடத்தில் குயவனும் களிமண்ணுமாக ஓர் உவமைதான் இருந்தது.

"திருப்பி வாசிச்சுப்போட்டுச் சொல்லுறன், பிள்ளை."

இரண்டு தரம் வாசித்தார். முதல் தரம் கோபம் வந்தது. இரண்டாம் தரம் ஏழாம் அதிகாரத்தில் தன்னை அறியாமல் அழுதார். ஏனென்று அவருக்கே விளங்கவில்லை. சுவாமியிடம் போனார்.

"சுவாமி, நான் எழுதினது பிழை. அந்தப் புத்தகத்தை எடுத்துப்போடுங்கோ."

"பிழையோ? மகளைப் பறிகுடுத்த பேதுரு அதைத் தலைமாட்டிலை வைச்சுக்கொண்டெல்லோ படுக்கிறார்!"

"அப்ப அது நல்லதோ, கூடாததோ?"

"நீங்கள்தானே சொல்லோணும், ரீச்சர்."

மறுநாள் லூர்த்தம்மா வீட்டு வாசலில் நின்று, "எனக்குத் தெரியேல்லை, பிள்ளை" என்றார்.

"உங்களுக்கும் தெரியாதோ? அப்ப வந்து இருங்கோ" என்று லூர்த்தம்மா பாயை விரித்தாள். பொழுது சாயும்வரை கனிசியஸைப் பற்றிக் கதைத்தாள். ரீச்சர் ஒரு வேத வசனமும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு புதிதாக எழுதிக் கொடுத்தார்: 'துக்க வீட்டில் வாசித்துக் காட்ட வேண்டாம். கேட்டு வருபவருக்குக் கொடுக்கலாம். ஏற்றதா என்று என்னால் சொல்ல முடியவில்லை.'

தொண்ணூற்றைந்தில் போரால் எல்லோரும் இடம்பெயரும்வரை, வந்த புத்தகங்களை அவர்தான் வாசித்தார். ஆனால் அரைப் பக்கம் எழுத அவருக்கு வாரக்கணக்கில் எடுத்தது.